மாதுங்காவிலிருந்து நாற்பத்திரண்டு கிலோமீட்டர்

ஓட்டம் என்பது சம்பளமும் லீவும் இல்லாத உத்தியோகம்; ஆனாலும் யாரும் கூப்பிடாமல் விடியுமுன் எழுந்து டூட்டிக்குப் போய்விடுகிறோம். கால் கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்தவர்களுக்கும், மாடிப்படியைப் பக்கவாட்டில் இறங்கியவர்களுக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை. எண்பதுகளில் மாதுங்காவில் குடியிருந்துகொண்டு ஃபோர்ட்டில் ஒரு ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்த நாட்களில், நான் பார்த்த டூட்டி இது.

பால் பூத்

ஓட ஆரம்பிப்பதற்கு முந்தின வருஷம், கர்ப்பத்தின் எட்டாம் மாதத்தில் எங்கள் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. அதற்குப் பிறகு நாலு மணிக்கு மேல் எனக்குத் தூக்கம் வருவதில்லை. டாக்டரம்மா காலையில் நடக்கச் சொன்னார். நடந்தால் நினைவும் கூடவே நடந்து வந்தது. ஒரு நாள் ஓடிப் பார்த்தேன். அது கொஞ்சம் பின்தங்கியது.

சல்வார் கமீஸ் போட்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தேன். ஃபைவ் கார்டன்ஸ் பூங்கா மரங்களுக்குக் கீழே தெருவிளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பாதிச் சுற்றில் மூச்சு முட்டியது. பால் பூத்தின் முன்னால் பாத்திரங்களோடு வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் நின்ற ஒரு மாமி எனக்காகச் சற்று நகர்ந்து இடம்விட்டார்.

"ஓடாதேம்மா, வண்டியே இன்னும் வரலை."

தாராவியில் ஒரு ரிப்பேர்

ஆறு மாதத்தில் பத்து கிலோமீட்டர் வரை வந்துவிட்டேன். கேன்வாஸ் ஷூதான் வரவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு ஜோடி வாய் பிளந்தது. ஆபீஸ் தோழி ஒருத்தி தாராவியில் தோல் பை தைக்கும் மீரான் பாயிடம் அழைத்துப் போனாள். கடையநல்லூர்க்காரர். எட்டடி அறையில் நாலு மெஷின், நடுவே அவர்.

ஷூவைத் தலைகீழாகத் திருப்பி வெகுநேரம் பார்த்தார். இடது குதிகால் மட்டும் தேய்ந்திருப்பதைக் காட்டி, எனக்கு இடது இடுப்பு வலிக்குமே என்று கேட்டார். வலித்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. குதிகாலுக்கு ஒரு தோல் துண்டைச் சீவி வைத்து, அடியை மறுபடி தைத்துக் கொடுத்தார். இது உங்கள் வேலை இல்லையே, சிரமம் கொடுத்துவிட்டேன் என்றேன்.

"நமக்குப் பை தைக்கதுதான் வேல தங்கச்சி. இதுவும் ஒரு பைதான், உள்ள காலு கெடக்கு."

செம்பூர்ப் பனி

டிசம்பரில் ஒரு நாள் சயான் வரை போய்த் திரும்பலாம் என்று கிளம்பினேன். சயான் வந்தபோது பனியில் எதுவும் தெரியவில்லை. விளக்குக் கம்பங்கள் மட்டும் ஒவ்வொன்றாக மிதந்து வந்து, என்னைத் தாண்டிப் போயின. கால் தரையில் படுகிற சத்தம்கூட வேறு யாருடையதோ போலக் கேட்டது. கழிமுகத்தின் உப்பு வாடை வந்தது, போனது. தூரத்தில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் தீ வானத்தில் ஆரஞ்சாகக் கசிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே போனேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு கடைப் பலகையில் செம்பூர் என்று படித்த பிறகுதான் திரும்ப வேண்டும் என்ற ஞாபகம் வந்தது. அன்றுதான், ஒரு மணி நேரத்துக்கு மேல் நான் குழந்தையை நினைக்கவில்லை என்பதும் தெரிந்தது. ரோட்டோரம் நின்று கொஞ்ச நேரம் அழுதேன்.

என் கணவர் நடராஜனுக்கு செம்பூரைத் தாண்டி டிராம்பேயில் வேலை. அந்த வாரம் காலை ஷிஃப்ட். நான் தோட்டத்தைச் சுற்றுகிறேன் என்றுதான் அவர் நினைத்திருந்தார். சாயங்காலம் வந்து, காபியைக் குடித்து முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"பஸ்ல பக்கத்துல இருந்தவர், யாரு சார் இந்தப் பனியில ஓடறதுன்னார். என் ஆத்துக்காரின்னேன். டிராம்பே வரைக்கும் அப்புறம் அவர் பேசவேயில்லை."

பரண்

அதற்கு மறுவாரம் ஷூவைக் காணோம். வீட்டில் நாங்கள் இருவர், மாமியார் என்று மூன்றே பேர், ஒன்றரை அறை. தேடுவதற்கு ஒன்றும் இல்லை. ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தால், பரணில் ட்ரங்குப் பெட்டிக்குப் பின்னால், செய்தித்தாளில் சுற்றி இருந்தது. மாமியாரிடம் அன்றுதான் முதல்முறையாகக் குரலை உயர்த்தினேன். உடம்பு கெட்டுவிடும், இனிமேல் குழந்தை தங்காது என்று அவர் பயப்படுவதாக நினைத்து, டாக்டரம்மா சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். முழுவதையும் கேட்டுக்கொண்டு கொத்தமல்லியை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அதெல்லாம் இல்லைடி. ஒவ்வொரு நாளும் நீ போறச்சே, திரும்பி வருவியோ மாட்டியோன்னு இருக்கு."

மறுநாளிலிருந்து எந்த வழியாகப் போகிறேன், எத்தனை மணிக்கு வருவேன் என்று ஒரு காகிதத்தில் எழுதி வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். அவர் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துவிட்டு, பால்கனியில் போய் நிற்பார்.

கடைசி வளைவு

நாற்பத்திரண்டு கிலோமீட்டர் முழுத் தூரமும் ஓடும் மாரத்தான் பந்தயத்தில் பெயர் கொடுத்தேன். பெண்கள் கொஞ்சம் பேர்தான். முப்பது கிலோமீட்டருக்கு அப்புறம் என்னைச் சுற்றி யாரும் இல்லை. வெயில் ஏறி, ரோட்டில் டாக்சியையும் பஸ்ஸையும் மறுபடி விட்டுவிட்டார்கள். ஒரு சிக்னலில் சிவப்பு விழுந்தது, ஜனங்களோடு நானும் நின்றேன். ஓடினேனா நடந்தேனா என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. தண்ணீருக்கு அடியில் போகிற மாதிரி இருந்தது.

கடைசி வளைவில் திரும்பினால், பந்தயம் முடிந்திருந்தது. மேஜை, கடிகாரம் ஒன்றும் இல்லை. பந்தலைப் பிரித்து லாரியில் மூங்கில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நடுரோட்டில் நின்றுவிட்டேன். பந்தல் ஆட்களில் இரண்டு பேர் என்னையும், என் மார்பில் குத்தியிருந்த நம்பரையும் பார்த்தார்கள். தாராவித் தமிழர்கள் என்பது பேச்சில்தான் தெரிந்தது. சுருட்டி வைத்த முடிவுக்கோட்டுத் துணி பேனரை லாரியிலிருந்து இழுத்து விரித்து, ஆளுக்கொரு முனையாக ரோட்டின் இருபுறமும் போய், தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்கள். லாரி டிரைவர் ஹாரன் அடித்தார். அவர்கள் அசையவில்லை.

"மெதுவா வாங்கக்கா, நாங்க பிடிச்சிக்கிட்டுதான் நிக்கோம்."

கடைசியாக வருவதில் ஒரே ஒரு வசதி உண்டு: பின்னால் யார் வருகிறார்கள் என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்க வேண்டாம்.