பிளாட்ஸ் என்றால் படுக்கும் நாய்

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரிலிருந்து காரில் வந்த நானும் மகளும் எங்கள் நாய் மணியும், வட கிரேக்கத்து மலைக் கிராமமொன்றின் கோப்பிக் கடை வாசலில் இறங்குகிறோம். மணியின் கழுத்தில் நகரசபையின் நாய்வரித் தகடு தொங்குகிறது. ஆட்டுப் பட்டியிலிருந்து மணியை நோக்கிப் பாய்ந்து வரும் வெள்ளை நாயின் கழுத்திலோ முள்ளும் சேறும்தான்.

"பிளாட்ஸ்!"

கடைவாசல் கிழவர் அதட்ட, வெள்ளையன் அப்படியே படுத்துவிடுகிறான். கிரேக்க மலையில் டொச், அதாவது ஜெர்மன், விளங்கும் நாய்! ஏனென்று நானும் டொச்சிலேயே கேட்கிறேன்.

"நான் அங்கை சுரங்கத்திலை வேலை செய்தனான். பேரப்பிள்ளையள் இப்பவும் அங்கைதான். கோடையிலை வருவினம், கிரேக்கம் தெரியாது. நாயோடையாவது கதைக்கட்டும் எண்டு பழக்கினன். உங்கடை நாய்க்கு டொச் விளங்குமோ?"

"இல்லை, தமிழ் மட்டும்தான். டொச் பழக்கினால் என்ரை மகள் வீட்டிலை ஒரு சொல்லும் தமிழ் கதைக்கமாட்டாள்."

கிழவர் மேசையைத் தட்டிச் சிரிக்கிறார். புறப்படுகிறோம். நான் எதைக் கேட்டாலும் டொச்சிலேயே மறுமொழி சொல்லும் மகள், கார்க் கதவைத் திறந்து பிடிக்கிறாள்.

"மணி, கெதியா வந்து ஏறடா!"