நடுவில் போட்ட நாற்காலி

கர்ரக்... கர்ரக்... டிங்!

கைப்பிடி சுற்றும் கணக்கு மெஷின்கள். அறுபதுகளில், தங்கச் சுரங்கம் இருந்த கோரமண்டல் பக்கம் ஒரு மைன்ஸ் ஆபீஸில் எங்களுக்கு அதுதான் பாட்டு.

பூமிக்கடியில் ஒரு லெவலை, அதாவது ஒரு சுரங்கத் தளத்தைச் சுற்றியுள்ள பாறையில் எங்கே அழுத்தம் அதிகம், எங்கே முட்டுக் கொடுக்க வேண்டும் என்று கணக்குப் போடுவோம். பெரிய கணக்கு. அதனால் இன்ஜினியர் பாறையை இரண்டு பாதியாக்கி இரண்டு மேஜைக்குக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு சுற்றிலும், இரண்டு பாதியும் சேரும் ஓரத்து எண்களைச் சீட்டில் எழுதி எதிர் மேஜைக்குத் தரணும். அது வந்தால்தான் அடுத்த சுற்று.

ஒரு மேஜைக்கு சரோஜா, இன்னொன்றுக்கு பிலோமினா.

ஒருநாள் மத்தியானம் மெஷின் சத்தமே நின்றுவிட்டது...

காரணம், பிலோமினாவின் கிறிஸ்துமஸ் முறுக்கு! "இத்த பாறை ஒடைக்கிற மில்லுல போட்டு இடிச்சாதான் ஒடையும்" என்று சரோஜா சொல்லிவிட்டாள்.

"மொதல்ல அவ சீட்டு குடுக்கட்டும்," என்றாள் பிலோமினா.

"இன்னாத்துக்கு? அவளே குடுக்கட்டும்."

இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். சாயந்திர ஷிஃப்டில் அந்த லெவலுக்கு இறங்குவது என் அண்ணன். கணக்கு வராவிட்டால் முட்டு இல்லாமலே இறங்குவான்.

நாற்காலியை இழுத்து நடுவில் போட்டேன். "ரெண்டு பேரும் எங்கிட்ட குடுங்கடி!"

சரோஜா பாறையைச் சின்னக் கட்டமாகப் பிரித்திருந்தாள், பிலோமினா பெரிய கட்டமாக. சரோஜாவின் எண்களைச் சராசரி எடுத்துத்தான் பிலோமினாவுக்குத் தர முடியும். பேச்சையும் அப்படித்தான் மாற்றிக் கொடுத்தேன்.

"அவ வாய் மாதிரியே அவ நம்பரும் ஜாஸ்தியா கீதுன்னு சொல்லு," என்றாள் பிலோமினா.

நான் திரும்பி, "சரோஜா, இந்த நம்பரை இன்னொரு தபா பாத்துடேன்," என்றேன்.

பார்த்தாள். நிஜமாகவே தப்பு!

ஷிஃப்ட் சங்கு ஊதுவதற்குள் இரண்டு ஓரமும் ஒத்துப்போனது. முட்டுக் கொடுத்த பிறகுதான் ஆட்கள் இறங்கினார்கள். வீட்டுக்கு வந்த அண்ணன் கேட்ட முதல் கேள்வி: "பிலோமினா முறுக்கு மிச்சம் கீதா?" எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

இப்போது பெங்களூரில் என் மகளுக்கும் இதே மாதிரி வேலை. பாறையைக் கணக்குப் போட ஒரு கூட்டம் கம்ப்யூட்டர், அதுக்குள் ஓடும் தண்ணிக்கு ஒரு கூட்டம். நடுவில் இங்கே வாங்கி, மாற்றி, அங்கே கொடுக்க ஒரு புரோகிராமாம்.

"ஏன், அதுங்களுக்குள்ள சண்டையா?" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் பிலோமினா போன் பண்ணுவாள். "சரோஜாவுக்கு முட்டி வலி எப்படி கீதாம்? நான் கேட்டேன்னு சொல்லாத."

போனை வைத்த கையோடு சரோஜாவைக் கூப்பிடுவேன். "பிலோமினா உன்னை விசாரிச்சா."

எனக்கும் முட்டி வலிதான்... ஆனால் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மனசு வரவில்லை.