தகரம் ஓய்ந்த பிறகு

மலாயாவில் செந்தூலுக்கு வடக்கே, சாலை போடக் கல் உடைத்து அனுப்பிய கல்லுமலையில் நாகையா ஒன்பது வருஷம் சிவப்புக் கொடி பிடித்தார். பாறையில் வேட்டு வைக்குமுன் அவர் கொடியை உயர்த்துவார். கூலிகள் ஐம்பது அறுபது கஜம் விலகிப் பெரிய கற்பாளங்களுக்குப் பின்னால் ஒடுங்குவார்கள். வெடித்ததும் கற்கள் பறக்கும். இருநூறு கஜத்துக்கு அப்பால் சாமான் கொட்டகை இருந்தது. அதன் தகரக் கூரையில் கற்கள் சடசடத்து ஓய்ந்ததும் கொடி இறங்கும். அவ்வளவு தூரம் போன கல்லே விழுந்துவிட்டதென்றால் பக்கத்தில் விழ வேண்டியது எப்போதோ விழுந்திருக்கும் என்பது அங்கே எல்லோருடைய கணக்கு. நாகையாவுக்கு முன் கொடி பிடித்தவரும் அதைத்தான் நம்பினார்.

1928ஆம் வருஷம் மாசி மாதம் ஒரு காலை, தகரம் ஓய்ந்தது, கொடி இறங்கியது. கல்லுடைக்கும் இராஜம்மா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்து இரண்டடி நடந்தாள். தேங்காயளவு கல் ஒன்று அவள் தலையில் விழுந்தது. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது.

விசாரிக்க வந்த துரையிடம் கங்காணி பக்கிரிசாமி, "கொடி எறங்குறதுக்கு முந்தியே ஓடிட்டா தொரை. நல்ல கல்லாப் பொறுக்கணும்னு அவசரம்" என்றார். துரை நாகையாவைப் பார்த்தார். கொடி இறங்கிய பிறகே அவள் எழுந்தாள் என்பது நாகையாவுக்குத் தெரியும். ஆனால் தகரம் ஓய்ந்தபின் வானத்தில் கல் ஏது? குழம்பிப்போய், பயமும் சேர, அவர் ஆமென்று தலையசைத்தார்.

இராஜம்மாவின் புருஷன் கன்னையா அங்கேயே பாறையில் துளை போடுபவன். "சொன்னாக் கேக்கமாட்டா. எதுக்கும் பறப்பா" என்று கருமாதி அன்றும் செத்தவளைத் திட்டினான். பந்தியில் இருந்த நாகையா இலையைப் பார்த்தபடி இருந்தார்.

அந்தக் கல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அவரை விடவில்லை. மோட்டார் சக்கரத்துக் கழிவு ரப்பரில் வார் அறுத்து ஓர் உண்டிவில் கட்டினார். ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டு ஜெயராஜை ஈயம் தோண்டிக் கைவிட்ட மணல்வெளிக்கு அழைத்துப் போனார். ஜெயராஜ் ரயில்வே பட்டறையில் வேலை பார்ப்பவன்.

"நாப்பது வயசுல உண்டிவில்லாண்ணே? அண்ணி பாத்தா சோறு போடாது."

"நீ அங்க போய் நில்லு. கல்லு வுழுந்தாக் கையத் தூக்கு. அது போதும்."

ஒரே அளவுக் கற்கள். ஒவ்வொரு தடவையும் ரப்பர் அதே முடிச்சு வரை இழுபட்டது. பாதி சாய்வில் விட்ட கல் ஜெயராஜின் அருகே போய் விழுந்தது. அதற்குள் ஐந்து எண்ணினார். நேர் மேலே விட்டுத் தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டார். அது அவர் காலடிக்குப் பக்கத்தில் விழ ஏழு ஆயிற்று. பத்துப் பத்துத் தடவை பார்த்தார். மாறவில்லை.

ஜெயராஜ் ஓடி வந்தான். "கிட்ட வுழுற கல்லு எப்புடிண்ணே பிந்தி வருது?"

"பூமி ரெண்டையும் ஒரே மாதிரிதான் இழுக்குது. சாச்சு வுட்ட கல்லு தன் வேகத்துல ஒரு பங்க முன்னால போறதுக்குச் செலவு பண்ணிடுது. ஒசரம் போக மிச்சம் கம்மி. நேரா வுட்டதுக்கு மொத்தமும் ஒசரத்துக்கே. ஒசரம் போனது எறங்கி வர நேரமாவும்."

ஜெயராஜ் வானத்தை அண்ணாந்து பார்த்தான். "அப்ப அந்தக்கா..."

"தகரம் ஓஞ்சப்ப அவ கல்லு மேலதான் இருந்துச்சு. நான் கொடிய எறக்கிட்டேன்."

மறுநாள் காலை வேட்டுக்குத் தகரம் ஓய்ந்தும் நாகையா கொடியை இறக்கவில்லை. எண்ணிக்கொண்டே நின்றார்.

"என்னா நாகையா, கை மரத்துப் போச்சா? எறக்குய்யா!" என்று கத்தினார் கங்காணி. கற்பாளங்களுக்குப் பின்னால் சிரிப்பு எழுந்தது. பத்து எண்ணிய பிறகே கொடி இறங்கியது. அன்று கல் எதுவும் பிந்தி விழவில்லை.

எல்லோர் காதிலும் விழும்படி நாகையா சொன்னார்: "இராஜம்மா முந்தி ஓடல. நான் கொடி எறக்கினப்பறந்தான் எந்திரிச்சா. தகரம் ஓஞ்சாலும் மேல கல்லு இருக்கும். தொரைகிட்டச் சொல்லப் போறேன்."

"சொல்லு. சொல்லிட்டு அப்படியே பொட்டியக் கட்டிக்க. இப்ப வுழுந்துச்சா ஒரு கல்லு? எங்க, காட்டு!"

காட்ட ஒன்றுமில்லை. கங்காணி கொடியைப் பிடுங்கி இன்னொருவனிடம் கொடுத்தார்.

துரை ஐந்து நிமிஷம் கேட்டார். விசாரணையில் எழுதியதை மாற்ற முடியாது என்றார். அன்றோடு நாகையாவுக்கு அங்கே வேலை இல்லை.

வெளியே வேலியோரம் கன்னையா துளைக்கம்பியோடு நின்றிருந்தான்.

"நெசமா அவ ஓடலயாண்ணே?"

"ஓடல."

"கருமாதி அன்னிக்குக்கூடத் திட்டினேனே."

உச்சிவேளை வேட்டுக்கு இன்னும் இரண்டு துளை போட வேண்டியிருந்தது. கன்னையா கம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே போனான்.