பனிப்புகாருக்குள் போன தாலிக்கொடி

இரண்டு வருசத்துக்கு முன்னம், இலையுதிர் காலத்தில ஒரு சனிக்கிழமை. ஜேர்மனியில டோர்ட்மண்டில இருக்கிற என்ரை தம்பிக்குக் கலியாணம். பொம்பிளை வீட்டுக்காரர் தெற்குப் பக்கம், சவர்லாண்ட் மலைநாட்டில இருக்கினம். மண்டபமும் அங்கைதான், மலைக்கு மேல ஒரு சின்ன ஊரில. நான் மாப்பிள்ளையின்ரை ஒரே அக்கா. அண்டைக்கு என்ரை அதிகாரம் கொஞ்சம் கூடத்தான்.

நான் டோர்ட்மண்டில பஸ் ஓடுறனான். காலமை எழும்பினவுடன சாமிப் படத்தைப் பாக்க முன்னம் வானிலையைத்தான் பாப்பன் எண்டு வீட்டில பகிடி பண்ணுவினம். பண்ணட்டும். அண்டைக்கு எங்கடை பகுதிக்கு ரேடியோவில சொன்னது இதுதான்: ஆத்தோரப் பள்ளங்களில மத்தியானம் வரைக்கும் கடும் பனிப்புகார், மலை உச்சியில வெய்யில், பின்னேரம் மேற்கில இருந்து குளிர்க்காத்து வரும், அதோட மழையும் வரும். நாங்கள் போற பாதை முழுக்க ஆத்தோரம்.

எங்கடை ஆக்களின்ரை கலியாணப் பயணம் உங்களுக்குத் தெரியும்தானே. முன்னுக்கு ஒரு கார் போகும். மிச்சக் கார் எல்லாம் அதின்ரை வாலைப் பிடிச்சுக்கொண்டு போகும். மண்டப விலாசத்தை ஒருத்தரும் தங்கடை போனில போட மாட்டினம். கேட்டால், முன்னுக்குப் போறவருக்குத் தெரியும்தானே எண்டுவினம். நான் வாசலில நிண்டு ஒவ்வொரு காருக்கும் சொன்னன், புகார் வரப்போகுது, விலாசத்தைப் போட்டு வையுங்கோ எண்டு. என்ரை மனிசன் என்ன சொன்னவர் தெரியுமோ? "நீ முன்னுக்குப் போறாய், நான் உனக்குப் பின்னால வாறன். பிறகென்ன?" எண்டு சிரிச்சார். பட்டுச்சீலையோட ரோட்டில நிண்டு புருசனோட சண்டை பிடிக்க ஏலாதுதானே, விட்டிட்டன்.

மாமா முதல் காரில. தம்பியும் அம்மாவும் என்ரை காரில. எனக்குப் பின்னால மனிசன், அவற்றை காரில கூறைச் சீலையும் தாலிக்கொடியும் வைச்ச தட்டம். அதுக்குப் பின்னால சொந்தக்காரரின்ரை கார்கள் வரிசையா வந்தது.

நெடுஞ்சாலையை விட்டு ஆத்துப் பக்கம் இறங்கினதுதான் தாமதம், வெள்ளையா மூடிச்சுது. மாமாவின்ரை காரில சிவப்பு லைற் மட்டும்தான் தெரிஞ்சது, மரமும் இல்லை, வீடும் இல்லை. பின்கண்ணாடியில கனநேரமா மனிசனின்ரை கார் வெளிச்சத்தைக் கண்டுகொண்டுதான் வந்தனான். பிறகு பாதை மலையில ஏறத் தொடங்க, கடைசி வளைவில பளிச்செண்டு வெய்யில். மேல நீல வானம், கீழ பள்ளம் முழுக்கப் பால் ஊத்தி வைச்ச மாதிரி. தம்பி கூட, என்ன வடிவா இருக்கு அக்கா எண்டு சொன்னவன்.

மண்டப வாசலில இறங்கித் திரும்பிப் பாத்தால், எங்களுக்குப் பின்னால ஒரு கார் கூட இல்லை.

மனிசனுக்குப் போன் எடுத்தன். எங்கை நிக்கிறியள் எண்டு கேட்டன். உனக்குப் பின்னாலதான் வாறன் எண்டார், சரியான நிம்மதியா. நான் மண்டபத்தில நிக்கிறன் எண்டு சொன்னன். பிறகு மெல்லமாக் கேட்டார், "அப்ப எனக்கு முன்னால போற கார் ஆற்றை?"

அதோட போன் அறுந்து போச்சு. திரும்பத் திரும்ப எடுத்தன், கிடைக்கேல்லை. அந்தப் பள்ளங்களில சில இடத்தில போனுக்கு ஒரு கோடு கூட வராது.

உள்ளுக்கை ஓமகுண்டம் எரியுது. ஐயர் செய்ய வேண்டியதை எல்லாம் செய்து முடிச்சு, செய்யத் தேவையில்லாததையும் ஆறுதலாச் செய்துகொண்டிருந்தார், பாவம். நல்ல நேரம் முடியப்போகுது, அதுக்குப் பிறகு அண்டைக்கு முகூர்த்தம் இல்லை எண்டு அவர் முதலே சொல்லியிருந்தவர். கடைசியில என்னைக் கூப்பிட்டு, ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டைக் கயித்தில கட்டித் தாலியாப் போடலாம் பிள்ளை, அதுவும் முறைதான் எண்டார். பொம்பிளையின்ரை தாய் அழத் தொடங்கிட்டா. தாலிக்குப் பொன்னுருக்கின அண்டைக்கு எங்கடை வீட்டில இருந்து, பொன் உருகிறதைக் கண்ணால பாத்தவ அவ. அந்தத் தாலிதான் தன்ரை பிள்ளையின்ரை கழுத்தில ஏற வேணும் எண்டு அவ நிக்கிறதில என்ன பிழை? பின்வரிசையில ஆரோ, மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு தாலியைக் கொண்டுவரத் தெரியேல்லையே எண்டது என்ரை காதில விழுந்தது. தம்பி மணவறையில இருந்து என்னைத்தான் பாத்துக்கொண்டிருந்தான்.

நான் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டன். அம்மா, புகாருக்குள்ள போய் நீயும் துலைஞ்சு போவாய் எண்டு கையைப் பிடிச்சா. பனியிலும் மழையிலும் தினம் நூறு பேரைக் கொண்டு போறவள் நான், என்ரை புருசனைக் கொண்டுவர மாட்டனோ எண்டு சொல்லிப்போட்டு இறங்கினன்.

முதல் வளைவு கூடத் தாண்டேல்லை. கீழ வெள்ளைக்குள்ள ஒரு செம்மஞ்சள் வெளிச்சம் சுத்திச் சுத்தி மினுங்கிக்கொண்டு மேல வந்துது. பாத்தால் ஒரு பெரிய உழவு மெஷின். அதுக்குப் பின்னால மனிசனின்ரை கார், அதுக்குப் பின்னால எங்கடை சொந்தபந்தம் முழுக்க, ஒண்டின்ரை வாலை ஒண்டு பிடிச்சபடி. ரோட்டு ஒடுக்கம், விலத்த இடமில்லை. நான் ரிவேர்ஸில மண்டப வாசல் வரைக்கும் ஏறினன். அப்பிடி ஒரு ரிவேர்ஸ் நான் பிறகு அடிச்சதில்லை.

தட்டம் மணவறைக்குப் போய், பொம்பிளை கூறை மாத்தி வந்து, நல்ல நேரத்துக்குள்ளயே தம்பி தாலி கட்டினான். பின்னால நிண்டு முடிச்சுப் போட்டது அக்கா நான்தான்.

பிறகுதான் கதையைக் கேட்டன். சந்தி ஒண்டில, எனக்கும் மனிசனுக்கும் இடையில ஒரு ஜேர்மன் மனுசியின்ரை கார் பூந்திருக்குது. மலைக்குத் திரும்பிற இடத்தில நான் திரும்ப, அவ நேர போயிருக்கிறா. அவவின்ரை சிவப்பு லைற்றை என்ரை எண்டு நினைச்சுத்தான் மனிசன் பின்னால போனவர்; போனில விளங்கின பிறகு அந்தப் புகாருக்குள்ள திரும்ப இடமில்லாமல், எல்லாரும் அவவின்ரை பண்ணை முற்றத்துக்கே போய் வரிசையா நிப்பாட்டி, சீலையும் வேட்டியுமா இறங்கினவையாம். சின்னமாமி கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில நிண்டு, மண்டபத்தில மேளச்சத்தத்தைக் காணேல்லையே எண்டு கேட்டவவாம். அந்த மனுசி விசயத்தைக் கேட்டிட்டு, தன்ரை கார் வேண்டாம், இந்தப் புகாருக்க வேறை காரோட மாறிப் போயிடுவியள் எண்டு உழவு மெஷினை எடுத்திருக்கிறா.

அவவை நான் போக விடேல்லை. சேத்துச் சப்பாத்தோட வர மாட்டன் எண்டு நிண்டவவைக் கையில பிடிச்சுக் கொண்டுபோய் முன்வரிசையில இருத்தினன். மணமக்களை வாழ்த்திப் போட அறுகரிசி குடுக்க, சரியான கவனமா ஒவ்வொரு மணியாப் போட்டா. ரேடியோ சொன்ன குளிர்க்காத்தும் மழையும் நாங்கள் சாப்பிட்டு எழும்பேக்கதான் வந்துது.

அவ வெளிக்கிடேக்க, பின்னால வந்த கார்களை நீங்கள் கவனிக்கேல்லையோ எண்டு கேட்டன். கவனிச்சனான் எண்டா. ஆர் எண்டு தெரியாது, ஆனால் என்ரை வெளிச்சத்தை நம்பித்தான் வருகினம் எண்டு விளங்கினது, அதால துலைச்சிடக் கூடாதெண்டு மெல்லமாப் போனனான் எண்டு சொன்னா.

முந்தி எனக்குப் பின்னால ஆரும் ஒட்டிக்கொண்டு வந்தால் சரியான எரிச்சல் வரும், பேசியும் இருக்கிறன். இப்ப பனிப்புகார் மூடின காலமைகளில பஸ் ஓடேக்க, கண்ணாடியில இரண்டு வெளிச்சம் தெரிஞ்சால் நான் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கிறன். அது ஆர் எண்டு எனக்குத் தெரியத் தேவையில்லை, அந்தக் காருக்குள்ள ஆரோ ஒருத்தியின்ரை தாலி இருக்கக்கூடும்.