மஞ்சள் வரி மறைந்த வரலாறு

என் கண்ணேறு பட்டதனால்தான் தம் வீட்டுச் செடியின் மஞ்சள் வரி மறைந்தது என்று என் மனைவியின் தம்பி உறவினரிடையே சொல்லி வருகிறார். இப்பழியை நான் ஏற்கவியலாது. செய்தது என் கண் அன்று, என் கை. அதனை முறையாக எழுதிவைப்பது கடமையாகிவிட்டது.

பெரம்பலூரில் எங்கள் வீட்டுக் கீழைச் சாளரத்தில் சிறு தொட்டிச் செடிகள் சில வளர்க்கிறேன். சதைப்பற்றுள்ள இலைகள் தரையோடு ஒட்டி, தாமரை விரிந்தாற்போல் வட்டமாக அடுக்கியிருக்கும் இனங்கள் அவை. திருநீறு பூசியது போன்ற சாம்பல் நீல எச்செவேரியா ஒன்று. இலை நுனி கண்ணாடியாய் ஒளிரும் ஹவொர்த்தியா ஒன்று. அதன் உறவான வரிக்குதிரைச் செடிக்குக் கரும்பச்சை இலையின் குறுக்கே வெண்கோடுகள் ஓடும். இந்த வரிக்குதிரையின் பக்கக்கன்று ஒன்றில், எவர் முயற்சியுமின்றி, நெடுக ஒரு மஞ்சள் வரி தோன்றிற்று. அதனைப் பிரித்து நட்டு, நீரையும் வெயிலையும் அளந்தளித்து, உள்ளங்கை அகலத்துக்குக் கொணர்வதற்குள் பல ஆண்டுகள் கழிந்தன.

கேட்டு வாங்கிய செடி பிடிக்காது, கேளாமல் எடுத்ததே தழைக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மணி பிளாண்ட்டில் ஒரு கணுவைக் கிள்ளிச் சென்றால் யாரும் சினப்பதில்லை. பொங்கலுக்கு அரியலூரிலிருந்து வந்த மைத்துனர் கிள்ளவில்லை. அந்த மஞ்சள் வரிச் செடியையே வேரோடு பெயர்த்துச் சென்றார். தொட்டியில் குழி மட்டும் எஞ்சியது.

சில திங்கள் சென்றபின் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் செடியின் படம் வந்தது. விதை போட்டுத் தாமே வளர்த்ததாகக் கீழே எழுதியிருந்தார். செடியை இழந்ததைப் பொறுத்தேன். அதை வளர்த்தவன் என்னும் பெயரையும் அவர் எடுத்துக்கொண்டதைப் பொறுக்க இயலவில்லை. ஆயினும் மறுமொழி எழுதவில்லை. அதற்கு வேறிடம் குறித்திருந்தேன்.

அவருடைய புதுமனை புகுவிழா வந்தது. மஞ்சளில்லாத வரிக்குதிரைகளுள் அளவொத்த ஒன்றைத் துணிப்பையில் மறைத்துக்கொண்டு மனைவியுடன் அரியலூர்ப் பேருந்தில் ஏறினேன். கூடத்தின் நடுவே, பித்தளைக் கிண்ணத்தில், என் செடி வீற்றிருந்தது. விருந்தினர் சூழ்ந்திருக்க மைத்துனர் உரக்கக் கேட்டார்:

"என்ன மாமா, உங்க ஜன்னல்ல இப்படி ஒண்ணு இல்லையே? கன்னு வேணும்னா கேளுங்க, குடுக்கிறேன்."

எல்லாரும் சிரித்தனர். நானும் சிரித்தேன்.

முதற்பந்திக்குக் கூடமே எழுந்து சென்றது. நான் பின்தங்கினேன். பெயர்த்ததும் நட்டதும் மண்ணைச் சமன்செய்ததும் சாம்பார் பரிமாறுவதற்குள் முடிந்தன. அன்றுபோல் நான் ருசித்து உண்டதில்லை.

திரும்பும் பேருந்தில், தாம்பூலத்தை வைக்கத் துணிப்பையைத் திறந்த மனைவி உள்ளே கண்டாள். பின்னர் வெற்றிலையை எடுத்துச் செடியின்மேல் போர்த்தினாள். "தம்பி கேட்டா நான் ஒண்ணும் பாக்கல" என்றாள்.

அடுத்த வாரமே மைத்துனர் தொலைபேசியில் அழைத்தார். செடியில் மஞ்சளே காணவில்லையாம். மஞ்சள் வரி சிலபோது தானே மறைவதுண்டு என்னும் உண்மையை மட்டும் கூறினேன். வெள்ளிதோறும் மஞ்சள் கரைத்த நீர் ஊற்றப்போவதாகவும், நிறம் திரும்பிவிடும் என்றும் அவர் சொன்னார்.

"விடாம ஊத்துங்க மாப்பிள்ளை" என்றேன்.

என் கண்ணைப் பழிக்காதிருந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன்; அவரும் காலமெல்லாம் ஊற்றிக்கொண்டே இருந்திருப்பார். இது அச்சேறும் நாளில் நிறுத்திக்கொள்ளட்டும்.

செடியினங்களின் பெயரிலோ இயல்பிலோ நான் பிழைபட்டிருந்தால் அறிந்தோர் திருத்துக, நன்றியுடன் ஏற்பேன். மைத்துனரும் திருத்தலாம். அவர் வரும்போது அந்த விதையையும் கொண்டுவரட்டும்.