மெயின் சுவிட்சும் இருபதாம் எண்ணும்

சாத்தம் படகுத்துறையில் நான் மாட்டிய படகு நேரப் பலகை மூன்றாவது முறையாக மதியத்தில் இருண்டபோது, நோட்டில் ஒரு பட்டியல் போட்டேன். ஒன்று: டிக்கெட் கவுண்டரில் பாய் இருக்கும் நாட்களில் மட்டும் இருள்கிறது. இரண்டு: மற்ற ஷிப்ட்காரர் இருந்தால் ஒன்றும் ஆவதில்லை. மூன்று: பலகை இருண்டால் எதிர்க்கரை பாம்பூஃப்ளாட்டுக்குப் படகு எப்போது என்று எல்லோரும் பாயைத்தான் கேட்கிறார்கள்; அவருக்கு அது பிடித்திருக்கிறது.

பலகையின் பதிவைப் பார்த்தேன். பாய் இருக்கும் நாட்களில் ஒரு மணிக்கு மின்சாரம் நின்று, இரண்டுக்குள் திரும்புகிறது. துறையில் இன்வெர்ட்டர் உண்டு. தானாக நிற்க வழியில்லை.

“பாய், மதியம் யாரு ஆஃப் பண்றாங்க?”

“நான்தான். சாப்பிடப் போறப்ப இன்வெர்ட்டரோட சேத்து மெயினை ஆஃப் பண்ணுவேன். பக்கத்து டீக்கடை ஒயர் பத்துனதுல இருந்து டர் மேடம், பயம். ஃபேன், லைட் எல்லாம் திரும்ப வருது. உங்க டப்பா மட்டும் நக்ரா பண்ணுது, அடம் புடிக்குது.”

சிரித்தார். அந்தச் சிரிப்பையும் நான்காவதாக எழுதிக்கொண்டேன். அவர் பார்க்கவே மெயின் சுவிட்சைப் படம் எடுத்தேன்.

அபர்டீன் பஜாரில் உள்ள எங்கள் அலுவலகத்தில் மேலாளர், “அந்த ஆள்தான் காரணம்னு எழுதிக் கொடு. காண்ட்ராக்ட் ஆள்தானே, நிறுத்திடுவாங்க” என்றார். எழுதினேன். ஆதாரமாக, சோதனைக்கென்று அலுவலகத்தில் வைத்திருந்த அதே மாதிரிப் பலகையைப் பத்து முறை அணைத்துப் போட்டேன். பத்து முறையும் எரிந்தது. ஆனால் அறிக்கைப் படிவத்தில், துறையில் இருப்பதும் இதுவும் ஒன்றுதானா என்ற வரிக்கு மட்டும் என்னால் டிக் போட முடியவில்லை. துறைக்குப் போன அதே மென்பொருளை ஒரு புதுப் பலகையில் ஏற்றி, அணைத்துப் போட்டேன்.

இருட்டு.

பலகை விழித்ததும் எந்த வேலை முதலில், எது பிறகு என்பதைச் சிறு தொடக்கக் கோப்புகளின் எண்கள் முடிவு செய்யும். நேர அட்டவணை இருக்கும் மெமரி கார்டைத் திறக்கும் வேலைக்கு நாற்பது. அட்டவணையைக் காட்டும் நிரலுக்கு இருபது. கார்டு திறக்குமுன்பே நிரல் வந்து, எதுவும் கிடைக்காமல் சத்தமின்றி நின்றுவிடுகிறது. இது எனக்கு முன்பே தெரியும்; பாயைச் சந்தேகித்ததில் மனதை விட்டுப் போயிருந்தது. அலுவலகப் பலகையில் இருபதைக் கையால் தொண்ணூறாக மாற்றியிருந்தேன். முழு மென்பொருளையும் கட்டும் செய்முறையில் மாற்றவில்லை. திரும்பக் கட்டினால் மீண்டும் எல்லாவற்றையும் தரவிறக்கும், இங்குள்ள நெட்டில் ஒரு நாள் போய்விடும், பிறகு பார்க்கலாம் என்று விட்டிருந்தேன். துறையில் மாட்டிய அன்று நிரலை நானே கையால் ஓட்டிவிட்டு வந்தேன். பிறகு இருண்டபோதெல்லாம் அதையேதான் செய்தேன்.

செய்முறையைத் திருத்தினேன். அறிக்கையையும் திருத்தினேன்: காரணம் தொடக்க வரிசை, பொறுப்பு நான். மேலாளர் முகம் சுளித்தபடி வாங்கிக்கொண்டார்.

மறுநாள் புது மென்பொருளோடு துறைக்குப் போய், பலகையில் ஏற்றிவிட்டு, பாயிடம் அறிக்கையைப் படித்துக் காட்டினேன்.

“இதுல என் பேரு இல்லியே?”

“இல்ல, பாய்.”

“முன்னாடி எழுதுனதுல இருந்துச்சா?”

“இருந்துச்சு. அழிச்சிட்டேன்.”

“அந்த போட்டோ?”

அதை மறந்திருந்தேன். அவர் முன்னாலேயே அழித்தேன். அவர் மெயினை அணைத்தார், போட்டார். இருவரும் பலகையையே பார்த்து நின்றோம். படகு நேரங்கள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்தன.

பாய் தன் போனை எடுத்து, பலகையும் நானும் சேர்ந்து விழும்படி ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

“என்கிட்டயும் ஒண்ணு இருக்கட்டும், மேடம்.”