மச்சம் இல்லாத நகல்

“எவன்டா என் மேஜையில கைய வெச்சது?”

ஆய்வுக்கூடத்தில் அக்கா வாயைத் திறந்தால் முதலில் வருவது இதுதான். பத்தொன்பது வருடமாக, தினமும். கத்தாமல் என்ன செய்வாள்? அவள் கையாளும் எம்ஆர்என்ஏ அப்படிப்பட்ட சவலை. மனித செல்லுக்குள் புரதம் செய்யச் சேதி கொண்டுபோகும் இழை. விரல் வியர்வை பட்டாலே துண்டு துண்டாகிவிடும். வீட்டில் புருஷன் பாத்திரத்துக்குள் விரல் விட்டாலும் அதே கத்தல்தான்.

அந்த இழையில் சேதியாகக் கோத்திருக்கும் எழுத்துகள் சிலவற்றில் மச்சம் மாதிரி ஒரு வேதிக் கூட்டு ஒட்டியிருக்கும். இழையைப் படிக்கும் கருவி அதை மிக நுண்ணிய துளை வழியாக இழுக்கும்போது, மச்சம் வரும் இடத்தில் மின்சாரம் லேசாகக் குதிக்கும். அப்படி, யாரும் பார்த்திராத நாற்பத்து மூன்று மச்சங்களைப் பிடித்துவிட்டதாக இயக்குநர் தரையில் கால் பாவாமல் திரிந்தார். வெள்ளிக்கிழமை பத்திரிகைக்குக் கட்டுரை போகிறது. அதில் அக்காவின் பெயரும் உண்டு, முதல் தடவையாக. புருஷன் தெரு முழுக்கத் தண்டோரா போட்டாயிற்று.

“சார், வெறும் நகலை ஓட்டிப் பாத்தீங்களா?”

அது சோதனைக் குழாயில் செய்த நகல். எழுத்தெல்லாம் அதே, மச்சம் ஒன்றுகூட இருக்காது.

“அதுக்கெல்லாம் ஏதும்மா நேரம்?”

அக்கா நகலை ஒரு குப்பியில் ஊற்றி, ஏழு என்று மட்டும் எழுதி, மனித மாதிரிகளோடு வரிசையில் நிறுத்திவிட்டாள்.

வியாழன் மதியம் இயக்குநர் திரையைத் தட்டித் துள்ளினார். “பாத்தியாம்மா! ஏழாம் நம்பர்லயும் நாப்பது மச்சம்!”

“அப்படியா சார்? நான் ஒண்ணுகூட வைக்கலையே. அது வெறும் நகலு.”

அவர் முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி ஆனது. சில எழுத்துகள் அடுத்தடுத்து வந்தாலே கருவி தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றத்தைத்தான் மச்சம் என்று கொண்டாடியிருந்தார்.

“முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்மா?”

“சொன்னேனே சார். உங்களுக்குத்தான் நேரமில்ல.”

கட்டுரை நின்றது.

“உன் பேரும் போச்சேடி!” புருஷன் தலையில் அடித்துக்கொண்டார்.

“போகட்டும். பொய்க்குக் கீழ என் பேரு எதுக்கு? நீங்க முதல்ல பாத்திரத்துலேர்ந்து கைய எடுங்க.”

நாற்பத்து மூன்றில் பாக்கி மூன்று மச்சம் நகலில் வரவில்லை; மனித இழையில் மட்டும்தான். அவை நிஜ மச்சம்தானா என்று வேறு வழியில் சோதிப்பது இப்போது அக்காவின் வேலை. இயக்குநர் வாசலில் நின்று அனுமதி கேட்டுத்தான் உள்ளே வருகிறார்.

அந்தப் பக்கம் போனால் அவளைப் பார்த்துவிட்டு வாருங்கள். மூன்றாம் மாடி, கடைசிக் கதவு. நன்றாகவே பேசுவாள். கையை மட்டும் பின்னால் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.